பாவையின் ஆடை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. மனிதர்க்கு ஆடை பாதியானால், பாவைக்கு அது பாதிக்கும் மேலாகும். பாவை பேசுவதில்லை, நடப்பதில்லை. அது எந்நாட்டது, எக்காலத்தது, அரசியா உழத்தியா என்பதை எல்லாம் நமக்கு உணர்த்துவது அதன் ஆடையே. ஆகவே பழங்காலப் பாவை ஒன்றுக்கு அக்காலத்துக்கு உரிய ஆடையைத் தைத்து அணிவிப்பது வெறும் விளையாட்டு அன்று. அது வரலாற்றுப் பயிற்சியும் ஆகும். ஊசியும் நூலும் கொண்டு செய்யும் இந்த ஆராய்ச்சியைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

பாவை செய்து விளையாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. பஞ்சாய்க் கோரையால் சிறுமியர் செய்த பாவையையும், மணலில் அவர்கள் அமைத்த வண்டற்பாவையையும் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். கோரையும் மணலும் காலத்தால் அழிந்துவிட்டன. ஆனால் மரத்தாற் செய்த பாவை தலைமுறை தலைமுறையாக நின்றது. அதுவே மரப்பாச்சி. செஞ்சந்தன மரத்தில் ஆணும் பெண்ணுமாக இணை இணையாகச் செதுக்கிய இப்பாவைகளைத் திருப்பதிக்குச் சென்று மீள்வோர் வாங்கி வருவர். புதுமணப் பெண்ணுக்குச் சீராகவும் இவற்றைக் கொடுப்பர். நவராத்திரிக் கொலுவில் முதலிடம் பெறுவனவும் இவையே. கொலு தொடங்குமுன் மரப்பாச்சிக்குப் பட்டுத்துணி சுற்றி, மணிமாலை பூட்டி, பொட்டிட்டு அழகு செய்வது வீட்டுச் சிறுவர் சிறுமியரின் உரிமையாக இருந்து வந்தது.

திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூர் போன்ற ஊர்களில் பயிலும் மாணவர்க்கு இச்செய்தி மிக அண்மையது. செஞ்சந்தனம் உலகில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலேயே இயற்கையாக வளர்கிறது. சேஷாசலம், வேலிகொண்டா, நகரி ஆகிய மலைகள் அதன் தாயகம். நகரி மலைத்தொடர் திருவள்ளூர் மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டியே நிற்கிறது. சாயம் இறக்குவதற்காக இம்மரம் முற்காலத்தில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. மிகுதியாக வெட்டப்பட்டமையால் 1995ஆம் ஆண்டு முதல் இதன் பன்னாட்டு வாணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. நம் பாட்டியர் விளையாடிய மரப்பாச்சி இந்த அரிய மரத்தின் ஒரு துண்டு. அதற்கு அணிவிக்கும் ஆடையும் அதன் பெருமைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டுமன்றோ?

பாவைக்கு உண்மையான ஆடை அணிவித்தலால் விளையும் பயன் யாது? இரண்டு சான்றுகளைக் காண்போம். இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘கிளாப்பம் பிரபு, கிளாப்பம் சீமாட்டி’ எனப் பெயர் பெற்ற இரு மரப்பாவைகள் உள்ளன. அவை 1690க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்தன. உள்ளாடை முதல் மேலங்கி வரை அக்காலத்துச் செல்வர் உடுத்திய ஆடைகள் அத்தனையும் அவற்றுக்குத் தைத்து அணிவிக்கப்பட்டுள்ளன. சீனத்துப் பட்டும் அவ்வாடைகளில் இடம்பெற்றுள்ளது. மனிதர் உடுத்தியவை கிழிந்தும் நைந்தும் மறைந்தன. பாவைகள் உடுத்தியவை நின்றன. அதனால், எந்த ஆடைமேல் எந்த ஆடையை அணிந்தனர் என்பதை ஆராய்ச்சியாளர் இன்று கண்ணாரக் கண்டு அறிகின்றனர்.

மற்றொரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் பிள்ளை 1950களின் முற்பகுதியில் குழந்தைகளுக்கான போட்டி ஒன்றை நடத்தி வந்தார். அப்போட்டியின் பரிசுக்காக அங்கேரி நாட்டுத் தூதர் பாவை ஒன்றை அளித்தார். அது சங்கரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்று முதல் அவர் பல நாட்டுப் பாவைகளைத் திரட்டலானார். அத்திரட்டே 1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் தில்லியில் சங்கர் பன்னாட்டுப் பாவை அருங்காட்சியகமாக மலர்ந்தது. அங்கே ஒரு பணிமனையும் அமைந்தது. இந்திய மாநிலங்களின் மணமக்கள், நடனமாதர், கதகளிக் கலைஞர் முதலியோரை, உடலமைப்பையும் உடையையும் அணிகலனையும் ஆராய்ந்து பாவைகளாகச் செய்தனர். அப்பாவைகள் பிற நாட்டுப் பாவைகளுக்கு மாற்றாக வெளிநாடு சென்றன. நம் மக்கள் எவ்வாறு உடுத்தினர் என்பதை அயல்நாட்டுச் சிறுவர்க்கு அப்பாவைகளே உரைத்தன. பொய்யான ஆடை அணிந்து சென்றிருந்தால், அவை பொய்யையே உரைத்திருக்கும்.

இனி நம் மரப்பாச்சிக்கு வருவோம். அதற்குச் சோழர் காலத்து ஆடை அணிவிக்க விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அக்காலத்து ஆடை எத்தகையது? அதனை அறிய மூவகைச் சான்றுகள் உள்ளன. சிலையும் ஓவியமும் ஒருவகை. இலக்கியம் மற்றொரு வகை. வெளிநாட்டார் குறிப்பு மூன்றாம் வகை. மூன்றும் எப்போதும் ஒத்துப் பேசுவதில்லை என்பதை முதலிலேயே நினைவிற் கொள்ளுதல் நன்று.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளைக் காண்க. கடம்பத்தூரிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் சில நிலையங்கள் தள்ளி உள்ளது திருவாலங்காடு. அவ்வூர் நடராசர் திருமேனியும் அங்கேதான் உள்ளது. இத்திருமேனிகளில் இடையில் உடுத்த ஆடை உடலோடு ஒட்டி, மெல்லிய வரிகளாகக் காட்டப்பட்டிருக்கும். மேலே தைத்த சட்டை இராது. திருமகள் மார்பில் கச்சு இருக்கும். நிலமகளுக்கு அதுவும் இராது. ஆயினும் இவை தெய்வத் திருவுருவங்கள். சிற்ப நூல் வகுத்த இலக்கணப்படி அமைந்தவை. கடைத்தெருவில் நடந்த மக்கள் அனைவரும் இப்படியே இருந்தனர் என இவற்றைக் கொண்டு துணிந்துவிட இயலாது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரில், பிற்கால ஓவியத்தின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் தெய்வங்களோடு மாந்தரும் உள்ளனர், நிறமும் உண்டு. ஆதலின் பாவைக்கு ஆடை அணிவிப்பார்க்கு அவை சிலைகளைக் காட்டிலும் மிகுதியாக உதவும்.

இலக்கியம் கூறுவது யாது? சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசையாகக் கூறுகையில், ‘துன்னகாரர்’ என்போரையும் குறிக்கிறது. துன்னுதல் என்பது தைத்தல். துன்னகாரர் என்போர் தையற்காரர். அக்காப்பியமே சட்டையணிந்த பணியாளரைக் ‘கஞ்சுக முதல்வர்’ என்று சுட்டுகிறது. முல்லைப்பாட்டோ, பாசறையில் காவல் புரிந்த யவனர் ‘மெய்ப்பை’ அணிந்திருந்தனர் எனக் காட்டுகிறது. மெய்யைப் பொதியும் பை மெய்ப்பை. எத்துணை அழகிய பெயர்! எனவே தையற்கலை தமிழ்நாட்டில் மிகப் பழைமையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் 1290களில் நம் கிழக்குக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இதற்கு மாறாகக் கூறுகிறார். இந்நாட்டில் துணியை வெட்டித் தைக்கும் தையற்காரரே இல்லை என்பதும், மக்கள் யாவரும் ஆடையின்றியே இருக்கின்றனர் என்பதும் அவர் குறிப்பு. அரசனும் இடையில் ஓர் ஆடையும் உடலெங்கும் மணிகளும் முத்துகளும் அணிந்திருந்தான் என்கிறார்.

ஒருவர் தையற்காரர் உண்டு என்கிறார். மற்றவர் இல்லை என்கிறார். எவரை நம்புவது? வரலாறு பயில்வார் இவ்விடத்தில் அவசரப்படலாகாது. போலோ குளிர்நாட்டிலிருந்து வந்தவர். வெட்டித் தைத்து உடல் முழுதும் மூடுவதே அவருக்கு ஆடை. வெட்டாது நெய்தபடியே இடையிற் சுற்றிய துணி அவர் கண்ணுக்கு ஆடையாகத் தோன்றவில்லை. சிலப்பதிகாரமோ தையற்காரர் இருந்தனர் என்று கூறுகிறதே அன்றி, எல்லாரும் தைத்த ஆடை அணிந்தனர் என்று கூறவில்லை. மெய்ப்பை அணிந்தோர் யவனக் காவலர். கஞ்சுகம் அணிந்தோர் அரசனுக்குப் பணிபுரிந்தோர். அக்காலத்தில் தைத்த சட்டை ஒரு பணியின் அடையாளம். தைக்காத துணியே பொதுமக்களின் உடை. இவ்வாறு கொண்டால் இரு கூற்றும் முரணாமல் பொருந்தும். ஆகவே சோழர் காலக் குடிமகனாகிய மரப்பாச்சிக்கு ஊசியே தேவையில்லை. அரண்மனைக் காவலனாகிய மரப்பாச்சிக்கோ சட்டை தைத்தாக வேண்டும். ஒரு சிறு பாவைக்கு ஆடை தேடப் புகுந்து, பெரியதொரு வரலாற்று உண்மையை நாம் அடைந்துவிட்டோம்.

விசயநகரப் பேரரசு காலத்தில் நிலைமை சிறிது மாறியது. அரசவையில் ‘கபாயி’ என்னும் நீண்ட தைத்த அங்கியும், ‘குல்லாயி’ என்னும் உயர்ந்த தொப்பியும் வழக்கிற்கு வந்தன. இவ்விரு பெயர்களும் மேற்காசிய நாடுகளின் உடைப் பெயர்களிலிருந்து வந்தவை. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தம் தேவியர் இருவரோடும் கைகூப்பி நிற்கும் உலோக உருவங்கள் திருமலைக் கோயிலில் உள்ளன. அவர் தலையில் அவ்வுயர்ந்த தொப்பி இருக்கிறது. மேனியிலோ அங்கி இல்லை. அவைக்கு ஓர் உடை, ஆண்டவன் சந்நிதிக்கு ஓர் உடை என்னும் வேறுபாட்டை இதனால் உணர்கிறோம். எனவே பாவைக்கு ஆடை தைக்குமுன், ‘எந்தக் காலம்?’ என்று கேட்டால் மட்டும் போதாது; ‘எந்த இடம்?’ என்றும் கேட்டாக வேண்டும்.

சோழர் காலம் தொலைவில் உள்ளது. 1800ஆம் ஆண்டையொட்டிய காலத்தைத் தேர்ந்துகொண்டால் நம் வேலை எளிதாகும். அக்காலத்தில் தஞ்சைப் பகுதி ஓவியர்கள், கம்பெனி அதிகாரிகளுக்காகப் பல தொழில் செய்வோரையும் கணவனும் மனைவியுமாக வரைந்து தொகுதிகளாக்கினர். நெசவாளர், குயவர், உழவர் எனப் பலரும் தத்தம் கருவிகளோடு அவற்றில் நிற்கின்றனர். வேட்டியின் கரை, சேலையின் கட்டு, தலைப்பாகையின் மடிப்பு யாவும் தெளிவாகத் தெரியும். மரப்பாச்சியும் இணை; அவ்வோவியங்களும் இணை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை உடுத்துதல் எளிதன்றோ?

இங்கே ஓர் எல்லைக்கோட்டை மனத்திற் கொள்ளுதல் நலம். அது 1856ஆம் ஆண்டு. அவ்வாண்டு சூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் புகைவண்டிப் பாதை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை திறக்கப்பட்டது. கடம்பத்தூர் வழியே செல்வது அப்பாதையே. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து முதற் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868இல் செயற்கைச் செஞ்சாயமும், 1897இல் செயற்கை நீலமும் தொடர்ந்தன. தையல் எந்திரத்துக்குச் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல்; ஊக்கு என நாம் வழங்கும் காப்பூசி தோன்றியது 1849இல். ஆகவே 1800ஆம் ஆண்டுப் பாவையின் சேலையை ஊக்கினால் குத்துவதும், எந்திரத்தால் ஓரம் அடிப்பதும், கண்ணைப் பறிக்கும் ஊதாச் சாயம் தோய்ப்பதும் காலவழு ஆகும்.

அப்படியானால் அக்காலத்துச் சாயம் யாது? நம் கடற்கரையே விடை கூறும். டச்சுக்காரர் 1610ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்து, 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அவர்களை அங்கே ஈர்த்தது துணியே. பழவேற்காட்டுக் கட்டம்போட்ட கைக்குட்டை அவ்வூரின் பெயராலேயே ஐரோப்பாவில் வழங்கியது. அதன் சிவப்பு, கரையோர மணலில் விளையும் சாயவேரிலிருந்து வந்தது. படிகாரம் அதனைத் துணியில் நிலைபெறச் செய்தது. நீலம் அவுரியிலிருந்து வந்தது. துருவேறிய இரும்பை வெல்ல நீரில் புளிக்க வைத்து, கடுக்காய் நீரில் தோய்த்த துணிமேல் இட்டால் கருமை கிடைத்தது. சோழமண்டலக் கரையின் வண்ணத்துணிகளும் பிற இந்தியத் துணிகளும் ஐரோப்பியச் சந்தையை எவ்வளவு நிரப்பின எனின், பிரான்சு 1686லும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. இத்துணை ஆற்றல் வாய்ந்த சாயங்களை விடுத்து, பாவைக்கு வேறு நிறம் தேட வேண்டுவதில்லை.

இனி அளவைப் பார்ப்போம். மரப்பாச்சி ஓரடி உயரம் என்றும், மனித உருவம் ஐந்தடி என்றும் கொண்டால், எல்லாவற்றையும் ஐந்தில் ஒன்றாகச் சுருக்க வேண்டும். பதினெட்டு முழச் சேலை 324 அங்குலம். அது பாவைக்கு ஏறத்தாழ 65 அங்குலமாகும். சேலையின் அகலம் 45 அங்குலம் எனின், பாவைக்கு 9 அங்குலம். எட்டு முழ வேட்டி 144 அங்குலம். அது 29 அங்குலத்துக்குள் அடங்கும். ஓர் அங்குலக் கட்டம் பாவையின் துணியில் அங்குலத்தின் ஐந்தில் ஒரு பங்காக வேண்டும். பெரிய கட்டம் போட்ட துணியைப் பாவைக்குச் சுற்றினால், சேலையாகத் தோன்றாது, போர்வையாகத் தோன்றும்.

நீளத்தையும் அகலத்தையும் சுருக்கிவிடலாம். பருமனைச் சுருக்குவது எங்ஙனம்? இங்கேதான் கணக்கு உதவுகிறது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ, அதுவே நூலின் எண். எண் நான்கு மடங்கானால் நூலின் பருமன் பாதியாகும். எண் இருபத்தைந்து மடங்கானால் பருமன் ஐந்தில் ஒன்றாகும். எனவே 20ஆம் எண் நூலில் நெய்த சேலையைப் பாவைக்கு அளவொத்துச் செய்ய, 500ஆம் எண் நூல் வேண்டும்! அது எளிதிற் கிட்டுவதன்று. ஆதலால் 80, 100ஆம் எண் நூலில் நெய்த மெல்லிய துணியைக் கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. பலகாலம் துவைத்து நைந்த பழைய வேட்டி இன்னும் நன்று; அது புதுத்துணி போல விறைத்து நில்லாது, உடலோடு படிந்து விழும். கொசுவத்தை விரலால் மடித்து, மெல்லிய கஞ்சி நீரில் நனைத்து, நூலாற் கட்டி உலரவிட்டால் மடிப்பு நிலைத்து நிற்கும்.

மரப்பாச்சியின் உடலமைப்பையும் கருத வேண்டும். பெரும்பாலும் அது ஒரே மரத்துண்டில், கைகள் உடலோடு ஒட்டியும் கால்கள் பிரியாமலும் செதுக்கப்பட்டிருக்கும். எனவே கால்களுக்கிடையே வாங்கிச் செருகும் கச்சக்கட்டு அதற்குப் பொருந்தாது. சுற்றிக் கட்டும் கட்டுகளையே தேர்ந்துகொள்ளல் வேண்டும். ரவிக்கை தைப்பின், கைகளை நுழைக்க இடமிராது; முதுகுப்புறம் திறந்து, உடுத்தியபின் கையால் தைத்து மூட வேண்டிவரும். இவ்விடத்தில் உண்மையிலிருந்து சிறிது விலகுகிறோம் என்பதை அறிந்தே விலக வேண்டும். அறிந்து விலகுவது வேறு. அறியாமற் பிழைப்பது வேறு.

ரவிக்கை என்றவுடன் ஒரு பெரிய வினா எழுகிறது. அக்காலத்துப் பெண் பாவைக்கு ரவிக்கை அணிவிக்கலாமா? சிலர் முன்பக்கம் முடிச்சிடும் ரவிக்கை அணிந்தனர். பலர் சேலைத் தலைப்பாலேயே மார்பை மூடினர். இவை வழக்கத்தைப் பொறுத்தவை. ஆனால் வழக்கம் அன்றி வன்கட்டாயத்தால் ஆடை இழந்தவர்களும் உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே நாடார் குலப் பெண்டிரும், தாழ்த்தப்பட்ட பிற குலப் பெண்டிரும் மேலாடை அணியலாகாது என்று தடுக்கப்பட்டனர். நெடுங்காலம் போராட்டம் நடந்தது. அடியும் உதையும் தீயும் அதில் இருந்தன. 1859ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் வெளியான அரச ஆணையால் நாடார் குலப் பெண்டிர்க்கு மேலாடை உரிமை கிடைத்தது. அப்போதும், உயர்குலத்தார் அணியும் முறையில் அணியலாகாது என்ற தடை நீங்கவில்லை. ஒரு முழத் துணிக்குள் இத்துணைத் துயரமும் இத்துணை வீரமும் பொதிந்துள்ளன.

ஆகவே பாவைக்கு ஆடை அணிவிப்போர் இரண்டு தவறுகளை விலக்க வேண்டும். இன்றைய நாகரிகத்துக்கு நாணி, பழைய பாவைகளுக்கெல்லாம் இன்றைய ரவிக்கையை மாட்டுவது ஒரு தவறு. சிலையில் கண்டதைக் கொண்டு, மேலாடையின்மை யாவருடைய விருப்பமும் ஆகும் என எண்ணி விடுவது மற்றொரு தவறு. முன்னது உண்மையை மறைக்கும்; பின்னது துன்பத்தை மறைக்கும். மேலும், கொலுவில் அரசனும் அரசியுமே இருந்தால் போதாது. செட்டியாரின் கடையில் பாவை இருப்பது போலவே, தறியில் அமர்ந்த நெசவாளியும், நாற்று நடும் உழத்தியும், சாயவேர் தோண்டிய தொழிலாளியும் இருத்தல் வேண்டும். அவர்கள் நெய்த துணியையும் அவர்கள் ஏற்றிய சாயத்தையுமே அரசனும் அரசியும் உடுத்தினர்.

மாணவ மாணவியரே! இப்பயிற்சிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மரப்பாச்சி, ஒரு பழைய வேட்டித் துண்டு, ஊசி, நூல், அளவுகோல் இவை போதும். திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்கள் உள்ளன. அங்கே சென்று தறியைக் காணுங்கள். நூலின் எண்ணைக் கேட்டறியுங்கள். அருங்காட்சியகத்துக்குச் சென்று திருமேனிகளின் இடையாடையைப் படமாக வரைந்து வாருங்கள். உங்கள் வீட்டு முதியோரிடம் அவர்தம் பாட்டியர் சேலை கட்டிய முறையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அம்முறைகள் பல, அறிந்தவரோடு மறைந்து வருகின்றன. பின்னர்ப் பாவைக்கு உடுத்தி, அதன் அடியில் ஒரு சிறு சீட்டு வையுங்கள். எக்காலம், எவ்விடம், எவருடைய உடை, எச்சான்றால் அறிந்தோம், எங்கே மாற்றினோம் என்னும் ஐந்தையும் அதில் எழுதுங்கள். அச்சீட்டு இல்லாத பாவை அழகிய பொம்மை மட்டுமே. அச்சீட்டு உள்ள பாவை ஒரு வரலாற்று ஆவணம்.